ஏழரை நிமிஷம்

ஜூலை 2
அப்பாவின் தொண்டை ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆபரேசனுக்குத் திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். அம்மா போனில் நாலு தரம் கேட்டுவிட்டார்: "என்ன கண்ணு சொன்னாங்க?" டவர் இல்லை என்று கட் செய்தேன்.

ஜூலை 3
காங்கேயம் போய், அட்டாலியைத் துழாவி, எடுத்துவிட்டேன். டிடிகே 90 கேசட். மேல்விளிம்பில் இரண்டு ஓட்டைகள். 1983-ல் கோயிலில் தன் பொன்னர்-சங்கர் கதைப்பாட்டைப் பதிந்து முடித்த கையோடு, யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று அப்பா கத்தி முனையால் நெம்பியவை. அதன்மேல் ஒட்டிய செல்லோ டேப் மஞ்சளடித்து இன்னும் அப்படியே இருக்கிறது. ஒட்டியவன் நான். 1992, ஹாஸ்டல், புதுக் கேசட்டுக்குக் காசில்லை.

லேபிளில் என் கையெழுத்து: 'பீட்டில்ஸ், குயின், அப்பா.' அந்த அப்பா ஸ்வீடன்காரர்கள், நாலு பேர்.

ஜூலை 4
தூக்கமில்லை. மறுபக்கத்தில் பதிந்தது பாப் மார்லியின் 'எக்சோடஸ்'. அது வந்த 1977-லேயே அவருக்குக் கால் கட்டைவிரலில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. விரலை எடுக்கச் சொன்னார்கள். மத நம்பிக்கை, அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 1981 மே 11, மயாமியில் போய்விட்டார். வயது 36. இதை அப்பாவிடம் சொல்லலாமா? விரலும் குரல்வளையும் ஒன்றா? விரலில்லாமலும் பாடலாம். அப்பாவுக்கு 74 ஆகிறது, பாடுவதை விட்டே பத்து வருஷம் இருக்கும். இருந்தாலும் மாட்டை அதட்டக் குரல் வேண்டாமா? இதையே சுற்றிச் சுற்றி நினைத்துக்கொண்டு மூன்று டீ.

ஜூலை 5
கணபதியில் ஒரு நண்பனிடம் டெக் வாங்கினேன். கேசட்டில் நாடாவை அழுத்தும் பஞ்சுத்துண்டு உதிர்ந்திருந்தது. வேறொரு கேசட்டிலிருந்து இடுக்கியால் பெயர்த்து ஒட்டியதும் சத்தம் தெளிந்தது.

எக்சோடஸ் முப்பத்தேழரை நிமிஷம். ஒரு பக்கம் நாற்பத்தைந்து. கணக்கு அவ்வளவுதான். மார்லி முடிந்து ஒரு 'டொக்', அப்புறம் உடுக்கை. ஏழரை நிமிஷம். (ஏழரை என்று எழுதவே கை கூசுகிறது.)

படுகளம் இல்லை. தங்காள் அழுகை இல்லை. கொம்பன் பன்றியும் இல்லை. சங்கர் குதிரைக்குச் சேணம் கட்டுகிறான். கட்டிக்கொண்டே இருக்கிறான். நடுவில் அப்பா பாட்டை நிறுத்தி, "சுக்குக் காப்பி ஆறிப்போச்சுங்க" என்கிறார். கூட்டம் சிரிக்கிறது.

காங்கேயத்துப் பக்கம் ஓலப்பாளையத்தில் 1965-லேயே மானுடவியலாளர் பிரெண்டா பெக் இதே கதையை ராத்திரி ராத்திரியாக டேப்பில் பிடித்தார். கடல் தாண்டி வந்தவர் பத்திரப்படுத்தினார். நான் திண்ணையில் உட்கார்ந்து அழித்தேன்.

ஜூலை 6
மழைத் தூறல். அப்பா இட்லி இரண்டு சாப்பிட்டார்.

ஞாபகம் வருகிறது: மார்லியைப் போட்ட அன்றைக்கு வாசலில் நின்று கேட்டுவிட்டு, "என்ன தாளம்டா இது, முதல் அடியை முழுங்கிட்டான்?" என்றார். சரியாகப் பிடித்திருந்தார். மார்லியின் டிரம்மர் கார்ல்டன் பாரெட் முதல் அடியைக் காலியாக விட்டு மூன்றாவதில்தான் பெரிய டிரம்மை இறக்குவார். ஒன் டிராப் என்பார்கள். எந்தக் கேசட் என்று மட்டும் அப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றுவரை.

ஜூலை 7
போட்டுக் காட்டினேன். கட்டில் கம்பியில் இரண்டு விரல் தட்டிக்கொண்டே இருந்தார். சுக்குக் காப்பி இடத்தில் தோள் குலுங்கியது. சிரிப்புதான், சத்தம் வரவில்லை. முடிந்ததும் நோட்டை வாங்கி எழுதினார்: 'பின்பாட்டு சுதி சேரலை.' கீழே, கொஞ்சம் யோசித்து: 'ஆபரேசனுக்குச் சரின்னு சொல்லிரு.'

நான் எழுந்தபோது சட்டையைப் பிடித்து இழுத்தார். இன்னொரு வரி. 'அந்தப் பக்கம் திருப்பிப் போடு கண்ணு.'

ஜூலை 8
மணி ஐந்தரை. வெறும் வயிறு. கையெழுத்துப் போட்டாயிற்று. டெக்கை நண்பன் திருப்பிக் கேட்கிறான்.