அப்பாவுக்காக ஆஜர்

தலைத் திவசம் முடியாமல் மலை ஏறக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் போன வருஷம் ஆடி அமாவாசை வீட்டோடு போயிற்று. அப்பா வாங்கி வைத்த வெண்கல மணி இன்னும் ஒரு வருஷம் பூஜை அலமாரியில் கிடந்தது.

தம்பிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. சதுரகிரி மலையில் பிலாவடிக் கருப்பருக்கு மணி கட்டுவதாக அப்பா நேர்ந்துகொண்டார். பேரன் பிறந்தான். மதுரைக்குப் போய் மணியும் வாங்கி வந்துவிட்டார். "ஆடிக்குப் போய்க் கட்டிருவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பங்குனியில் ஒரு நாள் காலை நடை போய் வந்து திண்ணையில் சாய்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குக் கோர்ட்டில் அவருக்கு மூன்று கேஸ் இருந்தது. குமாஸ்தா அண்ணன் கட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று அழுதது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல். மாவட்டத் தலைநகரம் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் எங்கள் ஊரில்தான். அதில் அவருக்கு அலாதிப் பெருமை. பெரும்பாலும் சிவில் வழக்குகள், அதிலும் பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி இரண்டு பேரையும் முடிந்தவரை கோர்ட் வாசல் டீக்கடையிலேயே சமாதானம் பண்ணி அனுப்பிவிடுவார். பீஸ் போச்சே என்று அம்மா அலுத்துக்கொள்வாள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கட்சிக்காரர் யாரும் வீட்டுக்கு வரக் கூடாது, எட்டு மணி எங்கள் நேரம். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்கு உரியது. செண்பகத்தோப்பு, காட்டழகர் கோயில், பிளவக்கல் அணை என்று எங்கேயாவது கூட்டிப்போய்விடுவார். காட்டில் சத்தம் போட்டால் மட்டும் கோபம் வரும். சாம்பல் நிற மலை அணில் ஒரு கிளையிலிருந்து இன்னொரு மரத்துக்குத் தாவுவதைப் பார்க்க, கழுத்து வலிக்க முக்கால் மணி நேரம் எங்களை நிற்கவைத்திருக்கிறார். அந்த அணிலுக்காக 1988இல் இந்தக் காட்டைச் சரணாலயமாக்கியதையும், 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கியதையும் ஏதோ தான் வாதாடி வாங்கிய தீர்ப்பு மாதிரிச் சொல்லுவார்.

சதுரகிரிக்கு அவர் வைத்திருந்த பெயர் மேல்கோர்ட்டு. கீழே தீராதது அங்கே தீரும் என்பார்.

இந்த வருஷம் நானும் தம்பியும் கிளம்பினோம். முழங்கால் வலியால் அம்மா வரவில்லை. பால் கொண்டுபோகப் பித்தளைத் தூக்கைத் துலக்கிக் கொடுத்தாள். மணியை எடுத்துப் பையில் வைத்தால் அசைந்தபோதெல்லாம் 'டங்' என்றது. சாமிக்கு முன்னால் ஒலிக்க வேண்டியது வழியெல்லாம் ஒலிப்பதா என்று அம்மா உள்ளே போனாள். அப்பா கறுப்புக் கோட்டோடு கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டை ஒன்றை எடுத்து வந்து மணியின் நாக்கில் சுற்றி முடிச்சுப் போட்டாள். ஒன்றும் பேசவில்லை.

வத்திராயிருப்பு தாண்டி தாணிப்பாறை போவதற்குள் பாதி பக்தி கரைந்துவிடும் போலிருந்தது. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வேனில் ஒரு ஆளுக்குக் கேட்ட காசில் சாதாரண நாளில் குடும்பமே போய் வரலாம். "ஏறினா ஏறுங்க, இல்லாட்டி வழிய விடுங்க" என்று பேச்சு வேறு. அடிவாரத்தில் ஒருவர் சித்தர் மூலிகை என்று பொட்டலத்தை என் கையில் திணித்தார். சர்க்கரை, மூட்டுவலி, கடன் தொல்லை மூன்றும் தீருமாம். இன்னொருவர், மேலே சீக்கிரம் தரிசனத்துக்கு ஆள் இருக்கிறது என்று காதோரம் வந்து சொன்னார். அப்பா இருந்திருந்தால் அவரை நிறுத்திக் குறுக்கு விசாரணை பண்ணியிருப்பார். நாங்கள் கும்பிட்டு நகர்ந்தோம்.

பிளாஸ்டிக் சோதனையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். வனத்துறைக்காரர் பட்டையைப் பிடித்து மணியைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்னம்மா, வக்கீல் கட்டுறதுல்ல?"

"எங்கப்பாவோடது."

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு, "பாத்துப் போங்க, மேல மழை இருக்கு" என்றார்.

ஏழு கிலோமீட்டர் ஏற்றம். அப்பாவோடு ஏறும்போது களைத்துவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாது, "வாய்தா" என்று சொல்ல வேண்டும். உடனே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுப்பார். அதிகபட்சம் ஐந்து நிமிஷம். "நெடுக வாய்தா கேட்டா கேஸ் தள்ளுபடி ஆயிரும்" என்று கிளப்பிவிடுவார். வழுக்குப்பாறையில் தம்பி முதல் வாய்தா கேட்டான். சிவகாசி அச்சகத்தில் நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறவன், அவனுக்கு மூச்சு வாங்கியது. கோரக்கர் குகைப் பக்கம் நான் கேட்டேன். நாவலூற்றில் இரண்டு பேருமே கேட்காமல் உட்கார்ந்துவிட்டோம்.

பச்சரிசிப் பாறைக்குச் சற்று முன்னால் மழை பிடித்தது. ஈரக்கல்லில் வலது கால் மடங்கி நான் உட்கார்ந்துவிட்டேன். தூக்கு சாயாமல் தம்பி பிடித்துக்கொண்டான். கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. திரும்பிவிடலாம் என்று அவன் சொல்ல, எனக்கு அழுகை முட்டியது. பின்னால் ஒரு பாட்டி வந்தார். எழுபது வயது இருக்கும், செருப்பில்லை. ஈரச் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். தன் கைக்கம்பை என் மடியில் போட்டார்.

"ஏறும்போது வலி தெரியாது தாயி, எறங்கையிலதான் தெரியும். இப்ப ஏறு."

கம்பு இல்லாமல் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் அடுத்த வளைவில் போய்க்கொண்டிருந்தார். மேலே எவ்வளவு தேடியும் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. யார் என்று நான் ஆராயப்போவதில்லை. எனக்குத் தெரியும்.

கருப்பர் சந்நிதிக்கு முன்னால் தம்பி மணியை எடுத்தான். மழையில் பட்டை நனைந்து முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் முடியவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். துணியில் அப்பாவின் சவர சோப்பு வாசம் இருந்ததாக எனக்குத் தோன்றியது. எத்தனை தரம் துவைத்த துணி அது, இருக்க வழியில்லைதான். பூசாரி வாங்கி ஒரு தரம் ஆட்டினார். அவ்வளவு சிறிய மணிக்கு அவ்வளவு பெரிய சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தம்பி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சுந்தர மகாலிங்கம் சந்நிதியில் அடைசலான கூட்டம். வரிசை என்று ஒன்று இருந்தது, அதை மதித்தவர்கள் பாதிப் பேர். ஒருவர் என் வீங்கிய கால் மேலேயே நின்று கைப்பேசியில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் சந்நிதி வாசல் வரைக்கும்தான். சாமி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறார். சாமியார் வேஷத்தில் வந்து பசுவின் மடியில் வாய் வைத்துப் பால் குடித்த சிவனை, மாடு மேய்த்த பச்சைமால் கம்பால் அடித்ததால் வந்த சாய்வு என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்பா அதை மறுத்துப் பேசியதில்லை. ஆனால் சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக் காட்டி வேறொன்று சொன்னார்: "நல்ல ஜட்ஜு, சாட்சி மெதுவாப் பேசினா இப்படித்தாம்மா சாஞ்சு கேப்பாரு. பின்னால நிக்கிறவன் பேசுறதும் கேக்கணும்ல."

பால் இறங்கிக்கொண்டிருந்தது. பையனுக்கு ஆயுசு, அம்மாவுக்குக் கால் வலி என்று மனசுக்குள் மனு எழுதிக்கொண்டுதான் வந்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. கோர்ட்டில் டவாலி மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் காதில் கேட்டது, அப்பாவின் பெயர். "அவருக்காக நான் ஆஜர் சாமி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். "நகருங்க, நகருங்க" என்று தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். மகாலிங்கமே, எத்தனை விநாடி கொடுத்தாய் என்று எண்ணவில்லை. கொடுத்தாயே, அது போதும். அந்தப் பிள்ளையைக் கொடுத்தாய். அப்பாவை முப்பத்தெட்டு வருஷம் எனக்குக் கொடுத்தாய். கம்பையும் கொடுத்தாய். சந்தன மகாலிங்கத்துக்கும் போனோம். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பாட்டி சொன்னது சரி. இறங்கும்போது உயிர் போயிற்று. இரட்டை லிங்கத்துப் பக்கம் மரத்தில் இலைக் கூடு ஒன்றைத் தம்பி காட்டினான். அணில் இருக்கிறதா என்று பேச்சில்லாமல் அண்ணாந்து நின்றோம். வரவில்லை. ஆளுக்கொரு மிட்டாய் தின்றுவிட்டு நடந்தோம்.

வீடு வந்தபோது விளக்கு வைத்தாயிற்று. மத்தியானமே காக்கைக்கு வைத்துவிட்டு, எங்களுக்கு இலை போடாமல் அம்மா தானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பேரன் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். கால் வீக்கத்தைப் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை. அப்பா மலையிலிருந்து வந்ததும் வருஷா வருஷம் கேட்பதையே கேட்டாள்.

"சாஞ்சு கேட்டாரா?"

"கேட்டாரும்மா."

கையை நீட்டினாள். ஈரப் பட்டையைக் கொடுத்தேன். பிள்ளையை என்னிடம் மாற்றிவிட்டு, கிணற்றடியில் அதை அலசி, கோர்ட் நாள்களில் காயப்போடும் அதே கொடியில் உதறிப் போட்டாள். அப்புறம் இலை எடுத்தாள்.