கண் துணையில்லாமல் ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்த அனுபவம்

லேப்டாப்பில் 1 டிபி டிஸ்க் முழுக்க ஒரே சி டிரைவாக இருந்தது. விண்டோஸை எப்போதாவது அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டி வந்தால் என் ஆடியோ, ஸ்கேன் செய்து வைத்த புத்தகங்கள் எல்லாவற்றையும் வேறு எங்காவது மாற்றிக்கொண்டு அலைய வேண்டும். அதனால் 200 ஜிபியைத் தனி டிரைவாகப் பிரிக்க முடிவு செய்தேன். விசாரித்த எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: கண் தெரிந்த யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பக்கத்தில் இருப்பவர் திரையில் ஒரு நீலப் பெட்டியைப் பார்த்து "இதுதான்" என்பார், நான் அதை நம்பி என்டர் தட்ட வேண்டும். என் டேட்டா போகிற விஷயம், நானே சரிபார்க்க முடிகிற வழிதான் எனக்கு வேண்டும்.

முதலில் விண்டோஸோடு வரும் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பார்த்தேன். அதன் மேல்பாதி ஒரு பட்டியல், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருள் அதை நன்றாகவே படிக்கிறது. சிக்கல் கீழ்ப்பாதியில். பார்ட்டிஷன்களை, அதாவது டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளை, வரிசையாகப் பெட்டி பெட்டியாகக் காட்டும் படம் அது. சி டிரைவைச் சுருக்கியதும் கிடைக்கும் காலி இடம் மேல் பட்டியலில் வராது, அந்தப் படத்தில் மட்டும்தான் வரும். எந்தப் பெட்டியில் நிற்கிறேன் என்று உறுதியாகத் தெரியாமல், டெலீட்டும் ஃபார்மேட்டும் இருக்கிற மெனுவைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் டிஸ்க்பார்ட்டுக்குப் போனேன். அதுவும் டிஸ்க்கைப் பிரிக்க விண்டோஸிலேயே இருப்பதுதான், ஆனால் படம் கிடையாது, கட்டளையைத் தட்டச்சு செய்தால் விடையும் எழுத்தாகவே வரும். பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள் எல்லாவற்றையும் நீக்கும் கிளீன் போன்ற கட்டளைகளைக் கொடுத்தால் "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது, செய்துவிடும். எனவே முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, அந்த டிஸ்க்கையும் பென்டிரைவையும் கழற்றிவிட்டேன். பட்டியலில் எத்தனை குறைவாக இருக்கிறதோ அத்தனை நல்லது. டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். என்விடிஏவும் இன்ஸ்டால் செய்ததாக இருக்கட்டும், ஏனென்றால் அட்மின் அனுமதி கேட்கும் திரையை, இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டும் போர்ட்டபிள் காப்பியால் படிக்க முடியாது.

அப்புறம் எனக்கு மிகவும் கைகொடுத்த வழி இது. டிஸ்க்பார்ட்டின் விடை அட்டவணையாக வரும், கட்டளை கொடுக்கும் கருப்பு ஜன்னலில் அது ஒரே மூச்சில் ஓடிவிடும், எந்த எண் எந்தத் தலைப்புக்குக் கீழே என்று காதுக்குப் பிடிபடாது. அதனால் நோட்பேடில் லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0, லிஸ்ட் பார்ட்டிஷன், லிஸ்ட் வால்யூம் என்று வரிக்கு ஒன்றாக எழுதி சேமித்தேன். அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்க்பார்ட், இடைவெளி, சாய்கோடு எஸ், இடைவெளி, அந்த ஃபைலின் பெயர், பிறகு 'விடப் பெரியது' குறி (>) போட்டு இன்னொரு ஃபைலின் பெயர் என்று கொடுத்தேன். விடை முழுவதும் அந்த இரண்டாவது ஃபைலில் விழுந்துவிடும், பொறுமையாக எழுத்தெழுத்தாகக்கூடப் படிக்கலாம். இதில் எதுவும் மாறாது, பார்ப்பது மட்டும்தான்.

லிஸ்ட் பார்ட்டிஷன் தந்த பட்டியலில் ஆஃப்செட் என்று ஒரு பத்தி இருக்கிறது. பார்ட்டிஷன் டிஸ்க்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அது சொல்லும். என் டிஸ்க்கில் தொடக்கத்திலேயே 100 எம்பி சிஸ்டம், அடுத்து 16 எம்பி ரிசர்வ்டு, 117 எம்பியில் சி, கடைசியில் ரெக்கவரி. சி தவிர மற்ற மூன்றும் விண்டோஸ் தனக்காக வைத்திருக்கும் சிறு பகுதிகள். பார்வையுள்ளவர் படத்தில் இடமிருந்து வலமாகப் பார்க்கும் அதே வரிசைதான், எனக்கு எண்ணாகக் கிடைத்தது. சொல்லப்போனால் படத்தைவிட இது துல்லியம்.

உண்மையில் பிரிக்கும்போது ஃபைலில் எழுதாமல், டிஸ்க்பார்ட்டைத் திறந்து கட்டளைகளை ஒவ்வொன்றாகத்தான் கொடுத்தேன். செலக்ட் வால்யூம் சி என்றதும் லிஸ்ட் வால்யூம் கொடுத்துப் பார்த்தால் தேர்வான வரியின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். நம்பேடில் 7, 9 அழுத்தி வரிவரியாகப் போய் அது சி வரியில்தான் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டேன். வால்யூம் எண்ணும் பார்ட்டிஷன் எண்ணும் ஒன்றல்ல, முன்னது 0-இல் தொடங்கும், பின்னது 1-இல். இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஷ்ரிங்க் குவெரிமேக்ஸ் கொடுத்தால் எவ்வளவு சுருக்கலாம் என்று சொல்லும். நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் கிடந்தால், காலி இடம் நிறைய இருந்தும் குறைவாகத்தான் சொல்லும். எனக்கு 200-ஐத் தாண்டி இருந்தது. கணக்கு எம்பியில், 1 ஜிபிக்கு 1024, ஆக ஷ்ரிங்க் டிசையர்டு=204800 என்று கொடுத்தேன்.

அடுத்து, கிடைத்த காலி இடத்தில் புதிய பார்ட்டிஷன் உருவாக்க கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி. ஃபார்மேட் கொடுப்பதற்கு முன் மறுபடி லிஸ்ட் பார்ட்டிஷன். நட்சத்திரம் புதியதில் இருக்கிறதா, அளவு 200 ஜிபியா, ஆஃப்செட் சி-க்குப் பின்னால், ரெக்கவரிக்கு முன்னால் வருகிறதா, மூன்றும் பொருந்திய பிறகுதான் என்டிஎஃப்எஸ், குவிக் என்று ஃபார்மேட் கொடுத்தேன். அப்போது "பெர்சென்ட் கம்ப்ளீட்டட்" என்று என்விடிஏ விடாமல் பேசினால் என்விடிஏ கீயோடு (நம்பேடில் அல்ல, எழுத்துகளுக்கு மேல் வரிசையில் உள்ள) 5 அழுத்துங்கள், நின்றுவிடும், முடிந்ததும் திரும்ப அழுத்தி இயக்கிக்கொள்ளுங்கள். கடைசியாக, புதிய டிரைவுக்கு ஈ என்ற எழுத்தைக் கொடுக்க அசைன் லெட்டர்=ஈ.

பிறகு முதலில் எழுதிய அந்த ஃபைலையே மறுபடி ஓட்டி, முன்பு வந்த விடையையும் இப்போது வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து படித்தேன். சிஸ்டம், ரிசர்வ்டு, ரெக்கவரி மூன்றும் இருந்த இடத்தில் இருந்த அளவிலேயே இருந்தன. இரண்டு ஃபைல்களையும் ஈ டிரைவில் வைத்திருக்கிறேன், அடுத்த முறை டிஸ்க்கில் கை வைக்கும்போது ஒப்பிட உதவும்.