கிளெய்ம் முக்கோணம் ஏமாற்றும் இடம்

மருத்துவக் காப்பீட்டில் ஆக்சுவரி (காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கீட்டு நிபுணர்) அதிகம் சறுக்குவது, இன்னும் கைக்கு வராத கிளெய்ம்களுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதில்தான். சிகிச்சை நடந்த மாதம் வரிசையில், பணம் கொடுத்த மாதம் பத்தியில் என்று முக்கோண அட்டவணை போடுவோம். ஒரு மாதத்துச் சிகிச்சைக்கான மொத்தத் தொகையில் 80% மூன்று மாதத்தில் போய்விடும் என்பது பழைய கணக்கு என்று வையுங்கள். 36 கோடி கொடுத்திருந்தால் மொத்தம் 45. ஒதுக்க வேண்டியது 9. ஆனால் கேஷ்லெஸ் (நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கொடுப்பது) கூடி, பணம் வேகமாகப் போய், உண்மையில் 90% போயிருந்தால்? மொத்தம் 40தான். 5 கோடி வீணாக முடங்கும். பில்கள் தேங்கினால் நேர்மாறு: ஒதுக்கியது போதாது. அதுதான் பெரிய ஆபத்து.

கேஷ்லெஸ்ஸையும் ரீஇம்பர்ஸ்மென்ட்டையும் (நோயாளி கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறுவது) ஒரே முக்கோணத்தில் கலக்கவே கூடாது. கிளெய்ம் எண்ணிக்கைக்கும் தனி முக்கோணம் போடுங்கள், வேகம் மாறியது அதில் தெரிந்துவிடும்.

2025 ஜனவரி முதல் மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10%க்கு மேல் ஏற்ற, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயிடம் முன்கூட்டியே கலந்துபேச வேண்டும். குறைவாக ஒதுக்கிவிட்டு அடுத்த வருடம் பிரீமியத்தை ஏற்றிச் சரிக்கட்டலாம் என்பது இனி எளிதல்ல.