கச்சான் காலக் குறிப்புகள்

ஜூலை 18, வெள்ளி

விடியவே கச்சான், தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. திருகோணமலை உவர்மலையில் கொடியில் போட்ட துவாய் அரை மணித்தியாலத்தில் விறைத்துப் போகிறது. பெரியப்பா தண்ணி விடாய் இல்லை என்கிறார். பொய்யில்லை. எண்பது வயதில் உடம்பில் நீர் குறைந்தாலும் விடாய் அவ்வளவாக எழும்பாது. சிறுநீரகமும் முன்புபோல் நீரை மறித்து வைக்காது. ஆகவே வேணுமா என்று கேட்பதில்லை. குளிசையோடு ஒரு தம்ளர், சாப்பாட்டோடு ஒன்று, பத்து மணிக்கும் நாலு மணிக்கும் ஒவ்வொன்று. இருதய வருத்தத்துக்குத் தண்ணியை அளந்து குடிக்கச் சொன்னவர்களுக்கு இந்தக் கணக்குச் சரிவராது.

ஜூலை 19

சாவிக்கொத்தைத் தேடுகிறார். திரும்பவும்.

ஜூலை 20, ஞாயிறு

கனடாவில் இருந்து தம்பி போனில் கத்துகிறான். "காது கேக்குதடா, நீ சொல்லுறதுதான் விளங்கேல்லை" என்கிறார் பெரியப்பா. இதைவிடச் சரியாக யாரும் சொல்ல ஏலாது. முதுமையில் முதலில் போவது கீச்சான ஒலிகள். ஆ, ஓ எல்லாம் கேட்கும். ச, த, ப மங்கும். கத்தினால் கேட்கிற ஒலிதான் இன்னும் பெருக்கும். காற்றாடியை நிற்பாட்டி, முகத்தில் வெளிச்சம் விழ எதிரே இருந்து, குரலைத் தணித்து ஆறுதலாகக் கதைக்க வேணும். அதற்கு முன் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று காட்டிப் பார்க்கலாம். பஞ்சுக்குச்சி கூடாது, உள்ளேதான் தள்ளும்.

பின்னேரம் பத்திரகாளி கோயிலடிக்குப் போவதை விட்டுவிட்டார். வயசு போனால் ஒதுங்குவினம் என்கிறார்கள். நாலு பேர் கதைக்கும் இடத்தில் பகிடிக்குக் கடைசியாகச் சிரிக்கிற ஆள் ஒதுங்காமல் என்ன செய்வார்?

ஜூலை 22, செவ்வாய்

ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிரஷர் பார்த்தால் 138/76. எழும்பி நின்று ஒரு நிமிடத்தில் 112/64. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே கிளினிக்கில் சொல்ல வேணும். இருந்தபடி மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. இரவில் மலசலகூடம் போகையில் விழுவதற்கு இதுவும் காரணம். கட்டில் விளிம்பில் கொஞ்சம் இருந்து, குதிக்காலை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழும்பினால் நல்லது. கால்மிதியை எடுத்தாயிற்று. சாவிக்கொத்துக்குக் கட்டிலடியில் ஆணி, மறுசாவி என்னிடம். கொத்தைப் பறித்து வைக்கிற வேலை வேண்டாம்.

ஜூலை 24, ஆடி அமாவாசை

விரதக் கறிக்குக் காத்தோட்டிக்காய் வந்தது. விரதம் என்று தண்ணியும் தொடவில்லை. சீனி வருத்தத்துக்கான கிளிக்கிளசைட் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கும். விரத நாளில் குளிசையை என்ன செய்வது என்பது கிளினிக்கில் போன மாதமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று சொன்னால் கேட்க ஆளில்லை.

ஜூலை 25

இரவு முழுக்கப் பெரியம்மாவைக் கூப்பிட்டார்.

ஜூலை 26, சனி

"மறதி வருத்தம் தொடங்கிட்டுது, இனி அப்பிடித்தான்." வந்தவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். இனி அப்பிடியும் இல்லை, இப்பிடியும் இல்லை! மறதி வருத்தம் அநேகமாக மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஊரும். இது இரண்டு நாளில் வந்தது. காலையில் தெளிவு, மைம்மலில் குழப்பம். கிழமை நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் வெள்ளியோடு நிற்கிறார். இது திடீர்க் குழப்பம், காரணம் தேட வேணும்: சலத்தில் கிருமி (காய்ச்சல் இல்லாமலும் வரும்), மலச்சிக்கல், நீர் வற்றல், சீனி, நோவு, புதுக்குளிசை. சீனி குத்திப் பார்த்தாயிற்று, சரி. தலையணைக்குக் கீழே ஒரு மட்டை: மூக்கு ஓடுகிறதென்று யாரோ பார்மசியில் வாங்கிக் கொடுத்த குளோர்பெனிரமின். இளசுகளுக்கு அநேகமாக நித்திரை மட்டும்தான். கிழ உடம்பில் வாயை உலர்த்தும், மலத்தை இறுக்கும், சலத்தை மறிக்கும், மூளையையும் கலக்கும். அடிவயிறு கல்லுப்போல, சலம் கட்டிப்போச்சு. 1990 அம்புலன்சுக்கு அடித்தாயிற்று. எல்லாக் குளிசையும் மட்டையோடு ஒரு பையில். மூக்குக்கண்ணாடி, பல்செட்டும்.

ஜூலை 28, திங்கள்

ஆஸ்பத்திரியில் சலம் போக டியூப் போட்டதும் 900 மில்லி வந்தது. குழப்பம் பாதி வடிந்துவிட்டது, மிச்சத்துக்குக் கிழமைக்கணக்கிலும் செல்லலாம். படுக்கையில் கிடந்தால் தொடைச் சதை கெதியாகக் கரையும், அதனால் சாப்பாடு கதிரையில்தான். டியூப் கழற்றுவது புதனாம்.