தா தார்த் ஒரம்

"கடைசி நாட்களில் அப்பா ராத்திரியெல்லாம் பேசிக்கொண்டே இருந்தாராமே, என்ன பேசினார்?" அந்த மகள் கேட்டது இவ்வளவுதான். "பிரார்த்தனை மாதிரி இருந்தது" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

இரண்டு வருடமாகிறது. அந்தப் பதிலை இன்னும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அந்த முதியவர் பேசியதில் 'டியா' என்ற சொல் இரண்டு மூன்று முறை வந்தது. டியா என்றால் ஐரிஷ் மொழியில் கடவுள். ஆனால் அந்த மொழியில் ஒருவரைப் பார்த்ததும் சொல்லும் வணக்கமே 'டியா குவிட்ச்', கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்பதுதான். பால்காரரிடமும் அதைத்தான் சொல்வார்கள். கடவுள் பெயர் காதில் விழுந்ததை வைத்துப் பிரார்த்தனை என்று நான் எப்படிச் சொன்னேன்?

நான் நர்ஸாக வேலை பார்த்தது அயர்லாந்தில் கால்வே நகருக்கு மேற்கே, கானமாரா பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அயர்லாந்து வர ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதினேன். வந்து சேர்ந்த இடமோ ஐரிஷ் பேசும் பகுதி. பகலில் எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வார்கள், சிக்கல் தெரியாது. நைட் டியூட்டியில்தான் தெரியும். டிமென்ஷியா என்ற மறதி நோய் முற்றும்போது, பலருக்கும் பின்னால் கற்ற மொழி முதலில் போகிறது, அம்மா மடியில் கேட்ட மொழி மிஞ்சுகிறது. 95 வயதான அவருக்கு, இருட்டினால் ஆங்கிலம் அநேகமாக இல்லை.

முதல் ராத்திரி அவர் கையை நீட்டி "தா... தா..." என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ்க் காதுக்கு 'தா' என்றால் ஒரே அர்த்தம்தானே? பக்கத்தில் கையில் அகப்பட்டது தண்ணீர். விழுங்கச் சிரமப்படுகிறவர் என்பதால் பொடி கலந்து கெட்டியாக்கிய தண்ணீர், ஸ்பூனால் கொடுத்தேன். குடித்தார். மறுநாள் காலை, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கேர் அசிஸ்டெண்ட் ஒருவரிடம் சொன்னபோது அவர் முழு வாக்கியத்தையும் சொன்னார்: "தா தார்த் ஒரம்." தாகம் என்மேல் இருக்கிறது. 'தா' என்றால் 'இருக்கிறது' என்றுதான் பொருள். அர்த்தத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு சரியானதைக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வாக்கியம்தான் என்னை இழுத்துப்போட்டது. எழுத்தில் 'ஒர்ம்', வாயில் 'ஒரம்'. சில மெய்கள் நெருங்கும் இடத்தில், நாம் செய்கிற மாதிரியே, நடுவில் ஓர் உயிரை நுழைத்துக்கொள்கிறார்கள். 'த'வும் ஆங்கில 'ட' இல்லை, பல்லில் நாக்கு படும் நம் 'த'. பசியோ தாகமோ வருத்தமோ, எதுவும் ஆள் செய்கிற காரியமாக இல்லாமல் ஆள்மேல் வந்து அமர்கிறது. நாமும் 'எனக்குப் பசி' என்கிறோமே தவிர, 'நான் பசியாக இருக்கிறேன்' என்பதில்லை. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதை அவர்களும் அப்படியேதான் சொல்கிறார்கள். ஆம், இல்லை என்பதற்குத் தனிச்சொல்லே கிடையாது. "சாப்பிட்டாயா?" என்றால் "சாப்பிட்டேன்" என்பதுதான் பதில். இரண்டு மொழிக்கும் உறவு எதுவுமில்லை என்று தெரியும். ஆனால் அந்த ராத்திரிகளில் உறவுக்காரர் வீட்டில் இருப்பதுபோல்தான் இருந்தது.

அப்போதெல்லாம் டியூட்டி முடிந்து வந்ததும் ஃபேஸ்புக்கில் தமிழில் ஏதாவது எழுதுவேன். பேருந்து ஜன்னலில் தெரியும் கடல், சாப்பாட்டு டப்பா, குளிர், கூடவே ஒரு ஐரிஷ் சொல். ஊரில் உள்ளவர்கள் ஆசையாகப் படித்தார்கள். இல்லத்தின் பெயர், ஆள் பெயர், படம் எதையும் போட்டதில்லை. ஆனால் அந்தச் சொற்களில் முக்கால்வாசி அவர் வாயிலிருந்து வந்தவை. நீர் 'இஷ்கெ', வீட்டுக்கு 'அவால்யெ'. 'அ லான்வ்' என்றால் குழந்தாய். என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

அப்புறம் அந்த ராத்திரி. மூன்று மணி இருக்கும். வழக்கமான துண்டு துண்டுப் பேச்சு இல்லை, ஏற்ற இறக்கத்தோடு நீளமாக ஏதோ சொன்னார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். காலையில் கேர் அசிஸ்டெண்டிடம் போட்டுக் காட்டி அர்த்தம் கேட்கலாம் என்று செல்போனை எடுத்துப் பதிவு செய்தேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த கேர் அசிஸ்டெண்ட் விடுப்பில் போயிருந்தது காலையில்தான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, அங்கே இருப்பவர்களைச் சொந்தக் கைபேசியில் படமோ குரலோ பதிவு செய்யக் கூடாது என்று மறுபடி நினைவூட்டினார்கள். பொதுவாக எல்லோருக்கும் சொன்னதுதான். எனக்கு வயிறு கலங்கியது. வேலை அனுமதி கிடைத்து இருபது மாதம் ஆகியிருந்தது. அடுத்த கட்டத்துக்கு விண்ணப்பிக்க இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. கழிவறைக்குப் போய்ப் பதிவை அழித்தேன். அழித்தவை முப்பது நாள் போனிலேயே ஒரு மூலையில் கிடக்கும் என்று தெரிந்திருந்ததால் அங்கேயும் போய் அழித்தேன். "நிரந்தரமாக நீக்கவா?" என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

பதினோராவது நாள் அவர் போய்விட்டார். ஆன்மா வெளியே போக ஜன்னலைத் திறந்து வைக்கும் வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது, நான்தான் திறந்தேன். மகள் இங்கிலாந்திலிருந்து வந்து அந்த ஜன்னலோரம் நின்றுதான் கேட்டார். அவருக்கு ஐரிஷ் தெரியாது. 1950-களில் அயர்லாந்தை விட்டுப் போன நான்கு லட்சம் பேரில் ஒருவர் அவர் அப்பா. கட்டட வேலை. பிள்ளைகளிடம் ஆங்கிலம் மட்டுமே பேசினார். வயதான பிறகு தனியாக ஊர் திரும்பினார். "எங்களுக்கு அது பிழைக்க உதவாது என்று நினைத்தார்" என்றார் மகள், குறையாகச் சொல்லவில்லை. 1840-களின் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, அதற்கும் மேல் கப்பலேறிய தேசத்தில் அப்படி நினைத்த அப்பாக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். 2022 கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐரிஷ் தெரியும் என்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 72 ஆயிரம் பேர்தான்.

விதிப்படி நான் செய்தது சரி. இதை இன்றும் சொல்வேன். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத ஒருவரின் குரலை எடுக்க எனக்கு உரிமை கிடையாது, எடுத்ததுதான் தவறு. நாளை இன்னொரு நர்ஸ் எடுத்தால் அழி என்றுதான் சொல்வேன். ஆனால் அழிப்பதற்கு முன்னால் மேலாளரிடம் போய், "இப்படிச் செய்துவிட்டேன், இது குடும்பத்துக்கு வேண்டியதாக இருக்கலாம்" என்று சொல்லியிருக்கலாமே? நான் காப்பாற்றியது அவருடைய அந்தரங்கத்தையா, என் வேலையையா? அந்த நிமிடத்தில் வேலையைத்தான். அதிலும் தவறில்லை, ஊரில் கடன் இருந்தது. இப்படி நியாயம் சொல்லும்போதே இன்னொன்றும் உறுத்துகிறது. அவருடைய சொற்களை ஃபேஸ்புக்கில் முந்நூறு பேருக்குப் பந்தி வைத்தவள் நான். மகளுக்கு ஒரு சொல்கூடக் கொடுக்கவில்லை. உங்கள் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தது என்று 'அ லான்வ்' ஒன்றையாவது சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவே இல்லை.

1937 முதல் 1939 வரை அயர்லாந்து முழுவதும் பள்ளிப் பிள்ளைகளைத் தாத்தா பாட்டிகளிடம் அனுப்பிக் கதை, வைத்தியம், விடுகதை எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவரச் சொன்னார்கள். சுமார் 5,000 பள்ளிகள், 50 ஆயிரம் பிள்ளைகள், பெரும்பாலும் பதினொன்றிலிருந்து பதினான்கு வயது. அந்த நோட்டுகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. அந்த முதியவருக்கு அப்போது பதினொரு வயது. அவர் ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளின் பக்கங்களை ஒரு ஞாயிறு முழுக்கப் புரட்டினேன். அவர் பெயர் அகப்படவில்லை. படிக்கத் தெரியாத எழுத்தை, வளைவு வளைவாக, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கேர் அசிஸ்டெண்ட் விடுப்பு முடிந்து வந்தபோது மகள் கிளம்பிப் போயிருந்தார். நினைவில் இருந்ததைச் சொல்லிக் காட்டினேன். டியா வந்தது, அப்புறம் அடிக்கடி "பாத்... பாத்..." என்றார், எங்கள் அப்பா படி இறங்கும்போது "பாத்து, பாத்து" என்பாரே அந்த மாதிரி, என்றேன். எங்கே, இன்னொரு தரம் சொல்லு என்றார். சொன்னேன்.

"பாத் என்றால் படகு" என்றார் அவர்.

பிரார்த்தனையிலும் படகு வரலாம், பாட்டிலும் வரலாம், முழுகிப்போன யாரைப் பற்றிய பேச்சிலும் வரலாம், மிச்சமும் தெரிந்தால்தான் சொல்ல முடியும் என்றார். மிச்சம் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.