லாரி போய் குரங்கு வந்த கதை

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பையன உக்கார வெச்சு, மிருகங்க ரோபோவா மாறற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் பீஸ்ட் வார்ஸ் இருக்கே, அதோட முதல் எபிசோட் போட்டேன். ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "ப்பா, இது ஏதாவது பழைய கேமா? வெறும் பாறையா இருக்கு"ன்னான். தப்பு சொல்ல முடியல, பாத்தா அப்படித்தான் இருக்கு.

1996ல வந்த சீரியல் இது, கனடாவுல வான்கூவர்ல இருந்த மெயின்ஃப்ரேம்ங்கற கம்பெனி பண்ணுனது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ரீபூட்ங்கற சீரியல பண்ணுனதும் இவங்கதான். ஆனா அது கம்ப்யூட்டருக்குள்ளயே நடக்கற கதை, ஆளுங்க பிளாஸ்டிக் மாதிரி இருந்தாலும் பொருந்திப் போயிடும். இங்க கொரில்லா, சிறுத்தை, எலின்னு ரோமம் இருக்கற ஜென்மங்க. முடிய ஒவ்வொண்ணா அசைய வைக்கற வசதியெல்லாம் அப்போ டிவி பட்ஜெட்டுக்கு எங்க, உடம்பு மேல தோல் மாதிரி ஒரு படத்த ஒட்டி விட்டுட்டாங்க, அதனால சிறுத்தைய பாத்தா ஷோபா கவர் ஓடற மாதிரி இருக்கும் 😄 ஆனா அதே சிறுத்தை ரோபோவா மாறின உடனே அம்சமா இருக்கும், இரும்புன்னா கம்ப்யூட்டருக்கு ஈஸி போல.

பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரசிகர்களுக்கு அப்போ செம கோவம். நல்லவங்க தலைவன் ஆப்டிமஸ்னா லாரியா மாறறவன்தானே, எங்கிருந்துடா கொரில்லா வந்துச்சுன்னு. (கனடாவுல பேருல "வார்ஸ்" கூடாதுன்னு பீஸ்டீஸ்னு போட்டாங்க, அது தனி காமெடி.)

என்னைக் கேட்டா அந்த பட்ஜெட் பத்தாக்குறைதான் இந்த சீரியல காப்பாத்துச்சு. ஒவ்வொரு கேரக்டரையும் கம்ப்யூட்டர்ல புதுசா கட்டணும், அது காசு, அதனால ஆரம்பத்துல நல்லவங்க, கெட்டவங்கன்னு பக்கத்துக்கு அஞ்சு பேருதான். எண்பதுகள்ல வந்த கார்ட்டூன் மாதிரி வாரம் ஒரு புது பொம்மைய இறக்க முடியாது. இருக்கற பத்து பேர வெச்சே 26 எபிசோட் ஓட்டணும்னா அவங்க சண்டை போட்டா மட்டும் போதுமா, பேசணும், பொறாமைப்படணும், கட்சி மாறணும். இதுல வில்லன் மெகாட்ரான் டைனோசர், அவன் ரப்பர் வாத்த வெச்சுக்கிட்டு குளிப்பான். வாஸ்பினேட்டர்னு ஒரு குளவி, பாவம், எப்ப பாத்தாலும் துண்டு துண்டா சிதறுவான், திரும்ப ஒட்டிக்கிட்டு வருவான்.

இதுல டைனோபாட்டுன்னு ஒருத்தன் ஆரம்பத்துலயே மெகாட்ரான விட்டுட்டு நல்லவங்க பக்கம் வந்துடுவான். அவனுக்கும் எலி ரேட்ராப்புக்கும் ஆகவே ஆகாது, எப்பவும் வாய்ச்சண்டை. ரெண்டு பேருக்கும் குரல் குடுத்தது ஸ்காட் மெக்நீல்ங்கற ஒரே மனுஷன், வாஸ்பினேட்டரும் அவர்தான். இத பையன்கிட்ட சொன்னேன், நம்பல.

மூணு வாரத்துல "கோட் ஆஃப் ஹீரோ" வரைக்கும் வந்துட்டோம், 1998ல வந்த எபிசோட் (பாக்காதவங்க இந்த பாராவ தாண்டிடுங்க). அவங்க மாட்டிக்கிட்டு இருக்கறது ஆதிகால பூமி. அங்க ஒரு பள்ளத்தாக்குல மனுஷ இனத்தோட மூதாதைங்க இருக்காங்க, மெகாட்ரான் அவங்கள ஒழிச்சுட்டா வரலாறே மாறிடும். டைனோபாட் தனியா போய் அத்தன பேரோடயும் மோதறான், உதவி வர நேரமில்ல. உடம்புல சக்தியே இல்ல, சண்ட போட்டா செத்துடுவன்னு அவன் உடம்பே எச்சரிக்குது. கடைசில கையில ஆயுதம்னு ஒண்ணும் இல்லாம, ஒரு குச்சில கல்ல கட்டி அத வெச்சு மெகாட்ரான அடிக்கறான். அவ்ளோ டெக்னாலஜி ரோபோ, கையில கல் சுத்தியல்.

அப்புறம் எல்லாரும் ஓடி வர்றாங்க. ரேட்ராப் பக்கத்துல வந்து நிக்கறான். சாகப்போற நேரத்துலயும் ரெண்டும் ஒண்ண ஒண்ணு திட்டிக்குதுங்க, ஆனா குரல் இறங்கியிருக்கு. ஒரே தொண்டைன்னு தெரிஞ்சும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. ஷேக்ஸ்பியர் நாடகத்துல ஹாம்லெட் சாகும்போது சொல்ற கடைசி வசனத்த சொல்லிட்டு டைனோபாட் போயிடுவான். கீழ கிடந்த அந்த கல் சுத்தியல மூதாதை குட்டி ஒண்ணு எடுத்துப் பாக்குது.

பையன் ஒண்ணும் பேசல. ரிமோட்ட எடுத்து எபிசோட திரும்ப முதல்ல இருந்து போட்டான். மணி பத்தரை, மறுநாள் ஸ்கூல். திட்டு வாங்கினது நான்தான்.