ஹெட்ஃபோன் ஆம்ப்: 4 வாட்டும் 0.06 மில்லிவாட்டும்

கிளாஸ் ஏ ஹெட்ஃபோன் ஆம்ப் (ஹெட்ஃபோனுக்குச் சிக்னலைப் பெருக்கித் தரும் பெட்டி) ஒன்று மேசைக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. உயர்தர ரகம். அதாவது, காதில் மாட்டுகிற சாமானுக்கு இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று பார்க்கிறவர்கள் கேட்கிற ரகம். 50 ஓம் சுமையில் ஒரு சேனலுக்கு 4 வாட் தரும் என்கிறது கையேடு. அதோடு புழங்கியதில் கேட்டவை, அளந்தவை, கணக்குப் போட்டவை எல்லாம் குறிப்பேட்டில் சேர்ந்திருக்கின்றன. ஏறக்குறைய அதே வரிசையில் இங்கே தருகிறேன்.

என்னிடம் உள்ள ஹெட்ஃபோன்கள் இரண்டு. ஒன்று செனைசர் ஹெச்டி 600: இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) 300 ஓம், சென்சிட்டிவிட்டி (கொடுத்த பவருக்கு எழுப்பும் சத்தம்) ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல். இன்னொன்று ஹைஃபைமேன் ஹெச்இ-6: பிளானர் வகை (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி எழுப்பும் ரகம்), 50 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு வெறும் 83.5 டெசிபெல். 300 ஓம் என்றதும் அதைத்தான் ஓட்டுவது கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். பென்சிலை எடுத்தால் கதை மாறிவிடும். உச்ச இடங்களில் 110 டெசிபெல் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெச்டி 600-க்கு 20 மில்லிவாட் போதும். அதாவது சுமார் 2.4 வோல்ட், 8 மில்லி ஆம்பியர். அதே சத்தத்துக்கு ஹெச்இ-6 கேட்பது ஏறக்குறைய 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லி ஆம்பியர். பவரில் இருபது மடங்குக்கு மேல். ஓம் எண் மட்டும் எதையும் சொல்வதில்லை, சென்சிட்டிவிட்டி எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு முன்பு விரல் நீள டாங்கிள் (போனிலோ கணினியிலோ செருகும் குட்டி ஹெட்ஃபோன் கருவி) ஒன்றில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது தருவது 1 வோல்ட். ஹெச்டி 600-க்கு அது 102 டெசிபெல் வரை வரும். உரக்கப் பதிவான இக்காலப் பாடல்களுக்கு அதுவே தாராளம். ஹெச்இ-6-க்கு அதே 1 வோல்ட் காகிதத்தில் 96 டெசிபெல் சொச்சம்தான்; அடக்கமாகப் பதிவான கச்சேரி என்றால் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆம்ப் வாங்கக் காரணம் இந்த ஹெச்இ-6தான். ஹெச்டி 600 மட்டும் இருந்திருந்தால் இந்தப் பெட்டிக்கு வேலையே இல்லை, இதை இப்போதும் சொல்கிறேன்.

சூடு, டிக் சத்தம், இடம்

கிளாஸ் ஏ என்றால் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் டிரான்சிஸ்டர்களில் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும். என் ஆம்ப் சும்மா இருக்கும்போதே சுமார் 30 வாட் இழுக்கிறது. அத்தனையும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். பக்கவாட்டு அலுமினியத் தகடுகளில் கையை வைக்கலாம், ஆனால் வைத்துக்கொண்டே இருக்க மனம் வராது. மேலே டாக்கை (டிஜிட்டல் பதிவை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி) அடுக்குவது அழகாகத்தான் இருக்கும். நான் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கிற எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களின் ஆயுளைத் தீர்மானிப்பது சூடுதான். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது அந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் விதி. கேட்காத நேரத்தில் அணைத்துவிடுகிறேன். “எப்போதும் ஆனில் இருந்தால்தான் நல்ல ஒலி” என்பவர்களோடு வாதாடவில்லை, மின்கட்டணம் அவர்கள் பாடு.

ஆன் செய்ததும் சில நொடிகள் ஒன்றும் கேட்காது. பிறகு உள்ளே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) “டிக்” என்று விழும். வெளியீட்டில் நேர்மின்னோட்டம் கசிகிறதா என்று பாதுகாப்புச் சுற்று பார்த்து, எல்லாம் அடங்கிய பிறகே ஹெட்ஃபோனை இணைக்கிறது. இருந்தாலும் ஒருமுறை நானே அளந்து பார்த்துக்கொண்டேன். ஒரு 6.35 மில்லிமீட்டர் பிளக்கில் சேனலுக்கு ஒரு ரெசிஸ்டரைச் சுமையாக வைத்து, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் போட்டால் போதும். குளிர்ந்த நிலையில் சில மில்லிவோல்ட், சூடேறியதும் இன்னும் குறைவு. பிளானரின் மெல்லிய படலத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பழைய ஆம்ப் வாங்குகிறவர்கள் இந்த ஒரு சோதனையைக் கட்டாயம் செய்துவிட்டு விலை உயர்ந்த ஹெட்ஃபோனைச் செருகுங்கள்.

கெயின் சுவிட்ச்

இது பற்றிய மூடநம்பிக்கை அதிகம். கெயினை (உள்ளே வரும் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குவது என்ற அளவு) கூட்டினால் பவர் கூடும் என்று நினைக்கிறார்கள். ஆம்ப் தரக்கூடிய உச்ச வோல்டேஜ் அதன் பவர் சப்ளையில் முடிவாகிவிட்டது. வால்யூம் குமிழை எவ்வளவு தூரம் திருப்பினால் அந்த உச்சத்தைத் தொடுகிறோம் என்பதை மட்டும்தான் கெயின் மாற்றுகிறது.

டாக்கின் சாதாரண ஆர்சிஏ வெளியீடு 2 வோல்ட், பேலன்ஸ்டு (ஒரு சேனலுக்கு எதிரெதிரான இரண்டு சிக்னல்கள் போகும்) எக்ஸ்எல்ஆர் என்றால் 4 வோல்ட். 4 வோல்ட்டை ஹை கெயினில் ஹெச்டி 600-க்கு விட்டால், கடிகார முள்ளில் எட்டு மணி இருக்கும் இடத்திலேயே சத்தம் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அந்தக் கீழ்க்கோடியில்தான் சாதாரண பொட்டென்ஷியோமீட்டரின் (குமிழைத் திருப்பினால் மாறும் மின்தடை) குறை தெரியும். இடது வலது இரண்டு தடங்களும் அங்கே ஒத்துப்போவதில்லை, பாடகர் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார். லோ கெயினுக்கு மாற்றியதும் குமிழ் பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றது. திருப்புவதற்கு இரண்டு பக்கமும் இடம் கிடைத்தது.

என் ஆம்பில் பொட்டென்ஷியோமீட்டர் கிடையாது. ரிலேக்களும் ரெசிஸ்டர்களும் கொண்ட அட்டென்யுவேட்டர் (சத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கும் சுற்று), ஒரு படிக்கு அரை டெசிபெல். இரண்டு பக்கமும் எந்த அளவிலும் பிசகுவதில்லை. திருப்பும்போது உள்ளே பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும், முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. உயர்தர ஆம்புக்குக் கொடுக்கிற பணத்தில் கையில் உணரக்கூடிய பகுதி எது என்று கேட்டால் இந்தக் குமிழைத்தான் காட்டுவேன். பாதி இரவில் மிகக் குறைந்த சத்தத்தில் கேட்கும்போதும் தம்புரா நடுவிலேயே நிற்கிறது.

கண்ணை மூடிக் கேட்டது

ஆம்ப்களை ஒப்பிடும்போது முதலில் சத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். அரை டெசிபெல் கூடுதலாக இருந்தால் அதைச் “சத்தம் அதிகம்” என்று காது சொல்லாது. “தெளிவு அதிகம்” என்று சொல்லும். நான் செய்த முறை: ஸ்ப்ளிட்டர் வைத்து ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும்போதே 400 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓட்டி மல்டிமீட்டரில் ஏசி வோல்டேஜ் பார்ப்பது. சாதாரண மல்டிமீட்டர்களை மிக உயர்ந்த அதிர்வெண்ணில் நம்ப முடியாது, அதனால்தான் 400. அரை வோல்ட்டில் 6 மில்லிவோல்ட் வித்தியாசத்துக்குள் கொண்டுவந்தால் 0.1 டெசிபெல்லுக்குள் வந்துவிடும். அந்த அளவுக்கு நெருக்கமாக இருந்தால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள்.

நண்பர் ஒருவர் திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றிச் செருகினார். ஹெச்டி 600-இல், மிதமான சத்தத்தில், டாங்கிளையும் இந்த ஆம்பையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஒரு கட்டத்தில் “இதோ, மேடை விரிந்துவிட்டது பார்” என்று நான் சொல்ல, “நான் மாத்தவே இல்லடா” என்றார். சத்தத்தைக் கூட்டி, மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை ஹெச்இ-6-இல் வைத்தபோது நிலைமை வேறு. டாங்கிளில் இடந்தலையின் அடி தட்டையாகி, உச்சத்தில் ஒரு கரகரப்பு. ஆம்பில் அடி அடியாகவே விழுந்தது. இதில் யூகிக்க ஒன்றுமில்லை, ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்ல முடிந்தது. மேலே போட்ட கணக்கு சொன்னதும் இதைத்தான்.

பிறகு அவருடைய வால்வ் ஆம்பைக் கொண்டுவந்தார். 12ஏயு7, 6080 குழல்கள்; வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் வகை; அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்பின் சொந்த உள்தடை) 120 ஓம் வாக்கில். இதை ஹெச்டி 600-இல் முதல் நொடியிலேயே கண்டுபிடித்தேன். கனிவான, சற்றுத் தடித்த தாழ்சுருதி. மிக இனிமை. இதற்கு வால்வின் மாயம் என்று பெயர் வைக்கத் தோன்றும், ஆனால் பெரும்பகுதி வெறும் வோல்டேஜ் பங்கீடு. ஹெச்டி 600-இன் இம்பீடன்ஸ் எல்லா இடத்திலும் 300 ஓம் இல்லை, 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 500 ஓமைத் தொடுகிறது. 120 ஓம் மூலத்தோடு சேரும்போது, 300 ஓம் உள்ள இடங்களில் 2.9 டெசிபெல் இழப்பு. 500 ஓம் உள்ள இடத்தில் 1.9தான். ஆக, 100 ஹெர்ட்ஸ் பகுதி மற்றவற்றை விட 1 டெசிபெல் எழும்பி நிற்கிறது. சரியாக இடந்தலை குடியிருக்கும் இடம். ஈக்வலைசரில் அந்த இடத்தில் 1 டெசிபெல் தூக்கி என் ஆம்பில் கேட்டோம், நண்பரே பாதி தூரம் ஒப்புக்கொண்டார். மீதிப் பாதி குழலின் மெல்லிய ஹார்மோனிக் (மேற்சுரம்) சேர்க்கை என்றார், அதை மறுக்க என்னிடம் அளவுக் கருவி இல்லை.

அதே வால்வ் ஆம்பில் ஹெச்இ-6-ஐ மாட்டியது பரிதாபம். பிளானரின் இம்பீடன்ஸ் ஏறக்குறைய நேர்கோடு, அதனால் ஒலியின் நிறம் மாறாது. ஆனால் 120-க்கும் 50-க்கும் நடுவே 10 டெசிபெல்லுக்கு மேல் ஆம்புக்குள்ளேயே கரைந்துபோகிறது. மீதி கிடைத்ததும் சிதைந்துதான் வந்தது.

உம்ம் என்ற இரைச்சல்

ஆம்பைக் கணினியோடு யூஎஸ்பி டாக் வழியாக இணைத்த அன்றே பின்னணியில் மெல்லிய “உம்ம்”. யூஎஸ்பி கம்பியைப் பிடுங்கினால் நின்றது. கணினிக்கும் ஒரு எர்த், ஆம்புக்கும் ஒரு எர்த். நடுவே கம்பியின் கவசம் ஒரு வளையத்தை மூடிவிடுகிறது. இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்புக்கு மாற்றியதில் பாதி குறைந்தது. ஆப்டிக்கல் கம்பி வழியாக டாக்குக்குக் கொடுத்ததும் முழுதாகப் போய்விட்டது. ஒளிக்கம்பியில் மின்தொடர்பே இல்லையே. எர்த் பின்னை வெட்டிவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உலோகப் பெட்டிக்கு உள்ளே மின்கசிவு வந்தால் உங்களைக் காப்பது அந்த ஒரு பின்தான்.

இயர்ஃபோனோடும் ஒரு நாள் முயன்றேன். 20 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 110 டெசிபெல் உள்ள ஒரு இன்-இயர். இதற்கு 0.14 வோல்ட் கொடுத்தாலே 110 டெசிபெல் வந்துவிடும். ஆம்பின் சொந்த இரைச்சல் 20 மைக்ரோவோல்ட் என்றால்கூட அது 33 டெசிபெல்லாகக் காதுக்கு வரும், அமைதியான அறையில் “ஸ்ஸ்” என்று நன்றாகவே கேட்கும். ஹை கெயினில் கேட்டது, லோ கெயினில் மறைந்தது. இருந்தாலும் 4 வாட் ஆம்பில் இன்-இயர் மாட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. குமிழ் எங்கேயோ நிற்க, மறதியாகச் செருகினால் காதும் போச்சு, கருவியும் போச்சு.

எத்தனை வாட் செலவாகிறது

குறிப்பேட்டில் எனக்குப் பிடித்த பக்கம் இது. நான் வழக்கமாகக் கேட்கும் சராசரிச் சத்தத்தில், அதே ஸ்ப்ளிட்டரும் மல்டிமீட்டரும் வைத்துப் பார்த்தால், ஹெச்டி 600-இல் முள் ஆடுவது 0.14 வோல்ட்டைச் சுற்றி. அது 85 டெசிபெல். பவராக மாற்றினால் 0.06 மில்லிவாட். ஹெச்இ-6-இல் அதே சத்தத்துக்கு 1.4 மில்லிவாட். 4 வாட் ஆம்பின் அன்றாட வேலை இவ்வளவே. மீதியெல்லாம் எப்போதாவது ஒரு நொடியின் சிறு பகுதிக்கு எழும் உச்சங்களுக்கான கையிருப்பு. அந்தக் கையிருப்பு ஹெச்இ-6-க்கு உண்மையாகவே தேவைப்படுகிறது, ஹெச்டி 600-க்கு ஒருபோதும் தேவைப்படுவதில்லை.

இந்த அளவீட்டுக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. சிதைவில்லாத ஆம்பில் சத்தம் ஏறுவது தெரியாது. கரகரப்புதான் “போதும், நிறுத்து” என்று சொல்லும் கை. அது இல்லாதபோது குமிழ் தானாக ஏறிக்கொண்டே போகிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது 85 டெசிபெல்லில் நாளுக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதி. 94 என்றால் 1 மணி நேரம். அட்டென்யுவேட்டரின் எண் திரையில் இரண்டு ஹெட்ஃபோன்களுக்கும் 85-க்கு உரிய எண்ணைக் குறித்து ஒட்டிவைத்திருக்கிறேன். பதிவுக்குப் பதிவு சத்தம் மாறும் என்பதால் இது துல்லியமில்லை, ஆனாலும் அந்தச் சீட்டைப் பார்த்துக் குமிழைப் பின்னால் திருப்பிய இரவுகள் உண்டு.

பேலன்ஸ்டு

நாலு பின் எக்ஸ்எல்ஆர் கம்பி ஒன்றை ஹெச்இ-6-க்குச் செய்து மாட்டினேன். இந்த ஆம்பில் அந்த வாய் வழியாக இரட்டிப்பு வோல்டேஜ் கிடைக்கும். சத்தத்தைச் சமன் செய்து கேட்டால் எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் கம்பியைக் கழற்றவில்லை, காரணம் அந்த இணைப்பான் “கிளிக்” என்று பூட்டிக்கொள்கிறது. கால் பட்டால் உருவிக்கொண்டு வராது.

வால்வ் ஆம்பை நண்பர் எடுத்துப்போய்விட்டார். ஹெச்டி 600-க்கு 100 ஹெர்ட்ஸில் அந்த 1 டெசிபெல்லை ஈக்வலைசரில் அப்படியே விட்டிருக்கிறேன். அடுத்துப் பார்க்க வேண்டியது க்ராஸ்ஃபீட். இடது ஒலியில் சிறிதைத் தாமதித்து வலப்பக்கம் கலக்கும் யோசனை, 1961-இல் பெஞ்சமின் பாவர் எழுதியது. பழைய பதிவுகளில் ஒரு வாத்தியம் முழுக்க ஒரு காதுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறதே, அதற்கு இது மருந்தாகுமா என்று பார்க்கிறேன். மென்பொருளில் செய்துவிடலாம், ஆம்பைத் திறக்க வேண்டியதில்லை.